தங்க நானோ துகளும் ராமன் கருவியும்: ஆப்பிள் தோலில் திரம் தேடுவது எப்படி?

திரம் ஒரு பூஞ்சைக்கொல்லி மருந்து. ராமன் கருவி லேசர் ஒளியைப் பாய்ச்சி, நிறம் மாறிச் சிதறி வரும் ஒளியை வைத்து மூலக்கூறை அடையாளம் காட்டும். லிட்டருக்கு இரண்டரை மில்லிகிராம் திரம் கலந்த தண்ணீரை அந்தக் கருவியில் வையுங்கள். தண்ணீரையும் கண்ணாடிக் குப்பியையும் தவிர எதுவும் தெரியாது. அதையே தங்க நானோ துகள் மிதக்கும் கரைசலில் விட்டு, கொஞ்சம் உப்பு சேர்த்து அளந்தால் 1380 செ.மீ⁻¹ பக்கத்தில் ஒரு பீக் எழும். உலோகப் பரப்பால் ராமன் சமிக்ஞையைப் பெருக்கும் இந்த முறையைச் செர்ஸ் (SERS) என்பார்கள். எம்.எஸ்சி. புராஜெக்டுக்கு முதல்முறை செய்யப்போகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

ராமன் சிதறல் இயல்பிலேயே மிக மெல்லியது. மூலக்கூறின் மேல் சிதறும் ஒளித்துகள்களில் ஏறக்குறைய ஒரு கோடியில் ஒன்றுதான் நிறம் மாறி வரும். 1928 பிப்ரவரி 28 அன்று கல்கத்தாவில் ராமனும் கே.எஸ். கிருஷ்ணனும் அதைப் பிடித்ததே பெரிய சாதனை. 1974இல் சவுத்தாம்ப்டனில் ஃப்ளைஷ்மன் குழுவினர் சொரசொரப்பான வெள்ளி மின்முனையில் ஒட்டிய பிரிடினை அளந்தபோது சமிக்ஞை வழக்கத்துக்கு மாறாக வலுவாக வந்தது. பரப்பு கூடியதால் என்றுதான் முதலில் நினைத்தார்கள். 1977இல் இரண்டு குழுக்கள், அமெரிக்காவில் ஒன்று, இங்கிலாந்தில் ஒன்று, கணக்குப் போட்டுப் பார்த்தன. பரப்பு மட்டும் காரணமாக இருக்க முடியாது, பெருக்கமே லட்சக்கணக்கான மடங்கு என்று தெரிந்தது.

காரணம் உலோகத்தில் உள்ள எலக்ட்ரான்கள். ஒளி பட்டதும் அவை கூட்டமாக ஊசலாடி, துகளை ஒட்டிய இடத்தில் மின்புலத்தைப் பலமடங்கு கூட்டுகின்றன. புலம் பத்து மடங்கானால் ராமன் சமிக்ஞை சுமார் பத்தாயிரம் மடங்காகும், ஏனென்றால் அது ஏறக்குறைய நான்காம் அடுக்கில் ஏறுகிறது. ஆனால் தனித் துகளால் பெரிய பயன் இல்லை. இரண்டு துகள்கள் ஓரிரு நானோமீட்டர் இடைவெளியில் நெருங்கும்போது அந்த இடுக்கில்தான் புலம் உச்சத்துக்குப் போகிறது. நாம் செய்யப்போவது முழுக்க அந்த இடுக்கை உருவாக்கும் வேலைதான்.

படி 1: குடுவையைக் கழுவுங்கள்

கூம்புக் குடுவை, ஸ்டிரர் காந்தம் இரண்டையும் ராஜ திராவகத்தில் (3 பங்கு ஹைட்ரோகுளோரிக் அமிலம், 1 பங்கு நைட்ரிக் அமிலம்) ஊறவைத்து, காய்ச்சி வடித்த நீரில் பலமுறை அலசுங்கள். ஃபியூம் ஹூட்டுக்குள் மட்டுமே செய்ய வேண்டும். அந்தக் கலவையை ஒருபோதும் மூடி வைக்காதீர்கள், வாயு சேர்ந்து பாட்டில் வெடிக்கும். பழைய தங்கத் துணுக்கு குடுவையில் ஒட்டியிருந்தால் புதிய துகள்கள் தாறுமாறாக வளரும் என்பதால் இந்தப் படியைத் தவிர்க்க வழியில்லை.

படி 2: தங்கக் கூழ்மம் (துகள் மிதக்கும் கரைசல்)

வெள்ளி இன்னும் அதிகப் பெருக்கம் தரும். ஆனால் எளிதில் ஆக்சிஜனேற்றம் அடையும், ஒரு தொகுதி போல அடுத்தது வராது. தொடங்குகிறவர்களுக்குத் தங்கம்தான் நல்லது.

0.01% குளோரோஆரிக் அமிலக் கரைசல் 50 மி.லி. எடுத்துக் கலக்கிக்கொண்டே கொதிக்க விடுங்கள். குளோரோஆரிக் அமிலப் படிகத்தை எடுக்க இரும்புக் கரண்டி கூடாது, தங்கம் அதன்மேல் படிந்துவிடும். நன்றாகக் கொதிக்கும்போது 1% சோடியம் சிட்ரேட் கரைசல் 0.5 மி.லி.யை ஒரே வீச்சில் ஊற்றுங்கள். இது ஃப்ரென்ஸ் 1973இல் தந்த அளவு. 40 நானோமீட்டர் அளவில் துகள் கிடைக்கும். சிட்ரேட்டைக் கூட்டினால் துகள் சிறுக்கும், 1 மி.லி. ஊற்றினால் 16 நானோமீட்டர்தான்.

இப்போது குடுவையை விட்டுக் கண்ணை எடுக்காதீர்கள். வெளிர் மஞ்சள் முதலில் நிறமிழக்கும். அப்புறம் சாம்பல் கலந்த நீலம் வரும், அது கறுத்து ஊதாவாகும், பிறகு திடீரென்று சிவப்பு. எத்தனை முறை செய்தாலும் அந்தச் சிவப்பு வரும் கணம் எனக்குப் பிடிக்கும். இன்னும் 15 நிமிடம் கொதிக்கவிட்டு ஆறவையுங்கள். ஒளி உறிஞ்சலை அளக்கும் யூ.வி. கருவியில் 530 நானோமீட்டர் பக்கத்தில் ஒடுக்கமான பீக் வந்தால் சரி. குளிர்பதனப் பெட்டியில் வைக்கலாம், ஆனால் உறையக் கூடாது. உறைந்தால் துகள்கள் ஒட்டிக்கொண்டுவிடும், மறுபடி பிரியாது.

படி 3: உப்பின் அளவு

பெரும்பாலோர் தோற்பது இங்கேதான். சிட்ரேட் போர்வையால் துகள்கள் எதிர்மின் பெற்று ஒன்றையொன்று தள்ளி நிற்கின்றன. உப்பு சேர்த்தால் அந்தத் தள்ளல் குறைந்து நெருங்குகின்றன. அதிகமானால் பால் திரிவதுபோலத் திரிந்து அடியில் தங்கிவிடும், சமிக்ஞையும் போய்விடும்.

ஐந்து குப்பிகளில் தலா 450 மைக்ரோலிட்டர் கூழ்மம், 50 மைக்ரோலிட்டர் நீர் எடுங்கள். 0.5 மோலார் சோடியம் குளோரைடை 10, 20, 30, 40, 50 மைக்ரோலிட்டர் என்று சேர்த்துக்கொண்டே போங்கள். சிவப்பாகவே இருந்தால் போதவில்லை. உடனே சாம்பல்நீலமாகிக் கறுப்புப் பொடி தெரிந்தால் மிகுதி. சிவப்பு ஊதாவாகி, சில நிமிடங்கள் அப்படியே நிற்கும் குப்பிதான் உங்களுக்கு வேண்டியது. ஒவ்வொரு தொகுதிக்கும் இதைத் திரும்பச் செய்ய வேண்டும்.

படி 4: பிளாங்க்

முதலில் சிலிக்கான் துண்டில் 520 செ.மீ⁻¹ பீக் சரியான இடத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். லேசர் 785 நானோமீட்டர் நல்லது. நெருங்கிய தங்கத் துகள்களின் ஒத்ததிர்வு அந்தப் பக்கம்தான் நகர்கிறது, ஒளிர்வுத் தொல்லையும் குறைவு. அந்த லேசர் ஒளி மங்கலாகத் தெரிவதால் ஆபத்தில்லை என்று நினைக்காதீர்கள், 785க்கான பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம்.

அடுத்து, திரம் இல்லாமல் கூழ்மமும் உப்பும் மட்டும் அளவிடுங்கள், இதுதான் பிளாங்க். சிட்ரேட்டால் 1400 பக்கம் ஓர் அகன்ற மேடு தெரியலாம். கூர்மையான 1380 தெரியக் கூடாது.

எனக்கு ஒருமுறை தெரிந்தது. பல நாள் தேடிய பிறகு நீர்க் குடுவையின் ரப்பர் கார்க்கைக் கண்ணாடி மூடியாக மாற்றினேன், பீக் மறைந்தது. ரப்பரை வல்கனைஸ் செய்யச் சேர்க்கும் பொருள்களில் திரமே ஒன்று! கையுறைகளிலும் அந்தக் குடும்பச் சேர்மங்கள் இருக்கலாம். பிப்பெட் முனையைக் கையுறை விரலால் தொடாதீர்கள்.

படி 5: திரம், பிறகு ஆப்பிள்

2.4 மி.கி. திரத்தை 10 மி.லி. மெத்தனாலில் கரைத்தால் 1 மில்லிமோலார். அதை நீர்க்கச் செய்து 10, 1, 0.1 மைக்ரோமோலார் கரைசல்கள் தயாரியுங்கள். 450 மைக்ரோலிட்டர் கூழ்மத்தில் 50 மைக்ரோலிட்டர் மாதிரியை விட்டுக் கலக்கி, படி 3இல் கண்ட அளவு உப்பைச் சேருங்கள். உப்பு சேர்த்த நேரத்திலிருந்து எல்லாக் குப்பிகளையும் ஒரே நிமிடத்தில் அளக்க வேண்டும். இரண்டு நிமிடம் என்றால் எல்லாவற்றுக்கும் இரண்டு நிமிடம். ஒவ்வொரு செறிவையும் ஐந்து முறை அளந்து, அளவுகளுக்கு இடையே உள்ள ஏற்ற இறக்கத்தையும் சேர்த்துக் குறியுங்கள். செறிவு கூடிக்கொண்டே போனால் பீக்கின் உயரம் ஒரு கட்டத்தில் ஏறாமல் நின்றுவிடும், ஏனென்றால் தங்கத்தின் மேல் இடம் தீர்ந்துவிட்டது.

ஆப்பிள் தோலில் 2 செ.மீ. சதுரம் குறித்து, மெத்தனாலில் நனைத்த பஞ்சால் துடைத்து 1 மி.லி. மெத்தனாலில் அலசுங்கள். அதிலிருந்து 50 மைக்ரோலிட்டர் போதும். பிளாங்கிலும் அதே அளவு மெத்தனால் இருக்கட்டும். மருந்து அடிக்காத ஆப்பிளில் அதே சதுரத்தில் 1 மில்லிமோலார் கரைசல் 10 மைக்ரோலிட்டர் விட்டு உலர்த்தி, அதையும் துடைத்துப் பாருங்கள். நீங்கள் வைத்த 2.4 மைக்ரோகிராமில் எவ்வளவு திரும்பக் கிடைக்கிறது என்பது அப்போதுதான் தெரியும்.

பீக் வந்துவிட்டால் குறிப்பேட்டில் என்ன எழுதுவது? தங்கத்தைத் தொட்டதும் திரத்தின் கந்தக-கந்தகப் பிணைப்பு உடைந்து இரண்டு பாதிகளாக ஒட்டிக்கொள்கிறது. ஜிரம், ஃபெர்பம் போன்ற பூஞ்சைக்கொல்லிகளும் அதே பாதியைத்தான் தருகின்றன, நிறமாலை ஏறக்குறைய ஒன்றே. ஆகவே அந்தப் பாதியின் பெயரைச் சொல்லி, "டைமெத்தில் டைதயோகார்பமேட் இருக்கிறது" என்று எழுதுங்கள். திரம்தான் என்று சொல்ல, அதே மெத்தனாலில் மீதியை, சேர்மங்களைத் தனித்தனியாகப் பிரித்துக் காட்டும் குரோமடோகிராஃபிக்கு எடுத்து வையுங்கள்.