சரளைக்கல் ஓடுதளத்துக்குச் சின்ன விமானத்தில் போவது எப்படி: மெக்கார்த்தியை வைத்து ஒரு விளக்கம்

டவர் (விமானங்களுக்கு வழி சொல்லும் கட்டுப்பாட்டுக் கோபுரம்) இல்லாத சரளைக்கல் ஓடுதளத்துக்கு முதல் முறை போகிற பைலட்டுகள் எல்லாரும் எப்படி இறங்குவது என்றுதான் கேட்கிறார்கள். அங்கிருந்து எப்படிக் கிளம்புவது என்பதுதான் முதலில் கேட்க வேண்டியது. நாம் ஓட்டுகிற சின்ன விமானங்களில் பெரும்பாலானவற்றுக்கு இறங்கத் தேவையான தூரத்தைவிட ஏறத் தேவையான தூரம் அதிகம். அதனால் அழகாக இறங்கிவிட்டு, ஆளும் சாமானுமாக ஏற முடியாமல் மாட்டிக்கொள்வது நிஜமாகவே நடக்கும். கீழே சொல்வதெல்லாம் இந்தக் கணக்கை வைத்துத்தான்.

உதாரணத்துக்கு அலாஸ்காவில் உள்ள மெக்கார்த்தியை எடுத்துக்கொள்வோம். ராங்கல்-செயின்ட் இலையஸ் தேசியப் பூங்காவுக்கு நடுவில், கென்னிகாட் பனியாறு வந்து முடிகிற இடத்துக்குப் பக்கத்தில் இருக்கிற குட்டி ஊர். பக்கத்திலேயே 1938ல் மூடப்பட்ட தாமிரச் சுரங்கம் இருக்கிறது. சாலையில் போனால் சிட்டினாவிலிருந்து 60 மைல் சரளைப் பாதை, அப்புறம் நடைபாலத்தில் ஆற்றைத் தாண்ட வேண்டும். ஓடுதளம் சுமார் 3500 அடி நீளம், 60 அடி அகலம், கடல் மட்டத்திலிருந்து சுமார் 1500 அடி உயரம். ஆற்று மணல்திட்டுகளில் இறங்குகிறவர்கள் கண்ணுக்கு இது தாராளமான இடம், அதனால்தான் சரளைக்கல் பழக இது நல்ல தொடக்கம் என்கிறேன். ஆனாலும் முதல் முறை அந்தப் பக்கம் பறந்து பழகிய பயிற்சியாளர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள், இதில் பேரமே வேண்டாம். வாடகை விமானம் என்றால் சரளையில் இறங்க அனுமதி உண்டா, காப்பீடு செல்லுமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பல இடங்களில் அனுமதி கிடையாது.

கிளம்பும் முன் கணக்குப் போடுங்கள். விமானக் கணக்குப்படி 1500 அடி உயரத்தில் இயல்பான வெப்பநிலை 12 டிகிரி. கோடைப் பிற்பகலில் 25 டிகிரி இருந்தால் 13 டிகிரி கூடுதல். சூடான காற்று மெலிந்து, உயரம் கூடியதுபோல் ஆகிவிடும், டிகிரிக்கு 120 அடி வீதம் ஏறக்குறைய 1560 அடி. ஆக உங்கள் இன்ஜினும் இறக்கையும் 3000 அடி உயரத்தில் இருப்பதாகத்தான் நடந்துகொள்ளும். விமானக் கையேட்டில் ஏறும் தூரத்தை அந்த உயரத்துக்குப் பார்த்து, அதன்மேல் சரளைக்கும் இன்ஜின் வயதுக்கும் சேர்த்துத் தாராளமாகக் கூட்டுங்கள், ஏனென்றால் கையேட்டில் உள்ள எண் புது விமானத்தில், கெட்டியான ஓடுதளத்தில், தேர்ந்த பைலட் எடுத்தது. திரும்பும்போது யார் ஏறுவார்கள், எவ்வளவு சாமான் இருக்கும் என்பதையும் இப்போதே கணக்கில் வையுங்கள்.

எரிபொருள் அங்கே கிடைக்கும் என்று நம்பிப் போகக் கூடாது. பகலில் பார்வைவிதிப்படி (வெளியே கண்ணால் பார்த்து ஓட்டும் விதிப்படி) பறக்க 30 நிமிட இருப்பு போதும் என்கிறது சட்டம், இந்த மலைகளுக்குள் அது போதவே போதாது. பள்ளத்தாக்கு மேகத்தால் அடைத்துக்கொண்டால் குல்கானா விமான நிலையம் வரைக்கும் திரும்பிப் போய், அங்கேயும் கொஞ்ச நேரம் சுற்றுகிற அளவுக்கு டாங்கியில் இருக்க வேண்டும். வானிலை அறிக்கையோடு நிற்காமல் விமானத்துறையின் வானிலைக் கேமராக்களைப் பாருங்கள், வழியிலுள்ள கணவாய்களும் பள்ளத்தாக்குகளும் இந்த நிமிடம் எப்படி இருக்கின்றன என்று படமாகவே தெரியும். அலாஸ்காவுக்கான விமான நிலையக் கையேடு 56 நாளுக்கு ஒரு முறை புதுப்பிக்கப்படுகிறது. பழையதை நம்பாதீர்கள். உயிர்காப்புப் பொருட்கள் விமானத்தில் இருக்க வேண்டும் என்று அலாஸ்கா மாநிலச் சட்டமே சொல்கிறது. சட்டத்துக்காக என்றில்லாமல், அந்தப் பையை வைத்துக்கொண்டு ஒரு வாரம் காட்டில் இருக்க முடியுமா என்று யோசித்துக் கட்டுங்கள்.

சரி, கிட்டே வந்துவிட்டீர்கள். 10 மைல் தூரத்திலிருந்தே ரேடியோவில் பொது அலைவரிசையில் பேச ஆரம்பியுங்கள்: "மெக்கார்த்தி டிராஃபிக், செஸ்னா 206, டென் மைல்ஸ் வெஸ்ட், த்ரீ தௌசண்ட் ஃபைவ் ஹண்ட்ரட், இன்பவுண்ட் ஃபார் லேண்டிங், மெக்கார்த்தி." ஊர்ப் பெயரை முதலிலும் கடைசியிலும் சொல்வதற்குக் காரணம் உண்டு, ஒரே அலைவரிசையில் பல ஓடுதளங்களின் பேச்சு கேட்கும். பதில் வரவில்லை என்பதால் யாரும் இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். இந்த வான்வெளியில் ரேடியோவே இல்லாமல் பறப்பது சட்டப்படி சரி, அதனால் கண்தான் டவர்.

நேராக இறங்க ஓடாமல், இறங்க வரும் விமானங்கள் ஓடுதளத்தைச் சுற்றி வருகிற சுற்றுப்பாதைக்கு 500 அடி மேலே, அதாவது சுமார் 3000 அடியில், ஓடுதளத்தைக் குறுக்காகத் தாண்டி ஒரு முறை பாருங்கள். காற்றின் திசை காட்டும் துணிப்பை எந்தப் பக்கம் நிற்கிறது? பனியாற்றின் மேலிருந்து குளிர்ந்த கனமான காற்று பள்ளத்தாக்கு வழியாக வழிந்து வரும், உச்சியில் அடிக்கிற காற்றுக்கும் அதற்கும் சம்பந்தமே இருக்காது, ஆகவே மேலே என்ன அடித்தது என்பதை வைத்து முடிவெடுக்க வேண்டாம். அடுத்து தரை. தண்ணீர் தேங்கியிருக்கிறதா, சக்கரத் தடம் ஆழமாக விழுந்திருக்கிறதா, சமன்செய்யும் வண்டி ஒதுக்கிவிட்டுப் போன உதிரிக்கல் ஓரத்தில் வரப்பாகக் கிடக்கிறதா? வெயில் சாய்வாக விழும்போது இதெல்லாம் நிழலோடு தெளிவாகத் தெரியும். நடுப்பகலில் மொத்தமும் ஒரே சாம்பல் நிறமாக இருக்கும், அப்போது தேவையானால் தாழ்வாக இன்னொரு முறை பறந்து பார்க்கலாம். நாலு சக்கர வண்டியில் குறுக்கே போகிறவர்கள், நாய், மூஸ், கரடி எல்லாவற்றையும் எதிர்பாருங்கள். பார்த்தது மனதுக்குத் திருப்தி இல்லை என்றால் திரும்பிப் போய்விடுங்கள். பயணிகளிடம் மன்னிப்பெல்லாம் கேட்க வேண்டாம்.

அப்புறம் இடது பக்கத் திருப்பங்களோடு வழக்கமான சுற்று. 60 அடி அகலம் என்பது நகரத்து ஓடுதளம் பழகிய கண்ணுக்கு ஒல்லியாகத் தெரியும், அதனால் உயரமாக இருக்கிறோம் என்று மூளை சொல்லும், நாம் அறியாமல் தாழ்ந்துவிடுவோம். கண் சொல்வதை விட்டு வேகமானியைப் பிடித்துக்கொள்ளுங்கள், ஃப்ளாப் (இறக்கையின் பின்விளிம்பில் இறக்கிவிடும் தகடு) முழுவதும் இறக்கியபின் ஸ்தம்பிக்கும் வேகத்தைப்போல், அதாவது இறக்கை விமானத்தைத் தாங்க முடியாமல் போகிற வேகத்தைப்போல் 1.3 மடங்கு, அதற்குமேல் ஐந்து நாட் கூட வேண்டாம். எந்த இடத்தைத் தாண்டித் தரை தொடாவிட்டால் மறுபடி ஏறுவேன் என்று ஒரு புதரையோ கொடியையோ முன்பே குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

பின்சக்கரங்கள் மெதுவாகத் தொட வேண்டும், மூக்குச் சக்கரத்தை முடிந்தவரை காற்றிலேயே வைத்திருங்கள், அது தானாக இறங்கட்டும். யோக்கை (மூக்கை ஏற்றி இறக்கும் கைப்பிடியை) வயிற்றோடு இழுத்துப் பிடித்தபடியே இருங்கள். பிரேக்கை அழுத்தினால் சக்கரம் வழுக்கும், கல் சிதறும், டயர் கிழியும். சரளையே உங்களை நிறுத்தும், அவசரப்படாதீர்கள்.

தரையில் உங்கள் பெரிய எதிரி ப்ரொப்பெல்லர் கிளப்புகிற கல்தான். நின்ற இடத்தில் இன்ஜினை முறுக்கினால் ப்ரொப்பெல்லரின் நுனிக்கடியில் சின்னச் சுழல் ஒன்று உருவாகி, சரளையைத் தூக்கி அலகில் அடிக்கும், அந்தக் கல் வாலிலும் போய் விழும். அதனால் உருண்டுகொண்டே இருங்கள், நிற்க வேண்டியிருந்தால் த்ராட்டிலை (இன்ஜின் விசையைக் கூட்டிக் குறைக்கும் பிடியை) குறைத்துவிட்டு நில்லுங்கள். நிறுத்தியதும் சாவியை வெளியே எடுத்துவிட்டு, இன்ஜின் எப்போது வேண்டுமானாலும் சுற்றும் என்ற எச்சரிக்கையோடு, அலகின் முன்விளிம்பை விரலால் மெதுவாகத் தடவிப் பாருங்கள். நகம் மாட்டுகிற அளவுக்கு ஒரு பள்ளம் இருந்தாலும் அதிலிருந்து விரிசல் ஓடி நுனியே பிய்ந்து போகலாம், அதை மெக்கானிக் பார்த்து அரத்தால் தேய்த்துச் சரிசெய்யும்வரை பறக்கக் கூடாது. கட்டிவைக்கக் கயிறும் முளையும் உங்களுடையதையே கொண்டுபோங்கள்.

கிளம்பும்போது மேக்னெட்டோ (இன்ஜினுக்குத் தீப்பொறி தரும் கருவி) சோதனையை உருண்டுகொண்டே செய்துவிடுங்கள். த்ராட்டிலை ஒரேயடியாகத் தள்ளாமல், வேகம் கூடக்கூட ஏற்றுங்கள், விமானம் முன்னே போய்க்கொண்டிருந்தால் கல் பின்னால் தங்கிவிடும். கையேடு சொல்கிற ஃப்ளாப், யோக் பின்னால், மூக்குச் சக்கரம் சீக்கிரம் தூக்கட்டும், ஆனால் தரையை விட்டதும் உடனே மேலே இழுக்காமல் தாழ்வாகவே வைத்து வேகம் சேர்த்தபின் ஏறுங்கள். ஓடுதளத்தின் பாதியை முன்பே அடையாளம் வைத்திருங்கள்: அந்த இடத்தில் ஏறும் வேகத்தில் 70 சதவீதம் வரவில்லையென்றால் த்ராட்டிலை மூடி நிறுத்துங்கள். வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பத் தூரம் தேவைப்படுகிறது, 0.7ன் வர்க்கம் ஏறக்குறைய பாதி, அதனால்தான் இந்த எண். பயணிகள் அதிகமென்றால் காலையில் குளிர்ந்த காற்றில் கிளம்புங்கள், அல்லது இரண்டு நடையாகக் கொண்டுபோங்கள்.

கடைசியாக ஒன்று, மறக்கிறவர்கள் அதிகம் என்பதால் சொல்கிறேன். பறப்புத் திட்டம் பதிவு செய்திருந்தால், அதைத் தரையிறங்கும் முன்பே, உயரத்தில் இருக்கும்போதே ரேடியோவில் முடித்துவிடுங்கள், அல்லது செயற்கைக்கோள் கருவியில் யார் மூலமாவது முடித்துவையுங்கள். கீழே கைபேசி பிடிக்கும் என்று நம்பி இருந்துவிட்டால், சொன்ன நேரத்துக்கு 30 நிமிடம் கழித்து உங்களைத் தேட ஆரம்பித்துவிடுவார்கள்.