பிரேக்கில் இறுகிப்போன பாகங்களைக் கழற்றும் முறை

மோட்டார் சைக்கிளின் முன்சக்கரத்தைத் தரையிலிருந்து உயர்த்தி, பிரேக் லிவரை ஒருமுறை அழுத்தி விட்டுக் கையால் சுழற்றிப் பாருங்கள். பேட்கள் எனப்படும் உராய்வுக் கட்டைகள் சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கை லேசாக உரசுவது இயல்பு. ஆனால் சக்கரம் ஒரு சுற்றுக்கூட ஓடாமல் நின்றால், பேட்களை டிஸ்க்கின் மீது அழுத்தும் பகுதியான காலிப்பரில் ஏதோ ஒன்று இறுகியிருக்கிறது. எது என்பதைப் பெரும்பாலும் பேட்களே காட்டிக்கொடுக்கும். பேட்டைத் தள்ளும் பிஸ்டன் ஒரு பக்கம் மட்டும் உள்ள காலிப்பரில், பிஸ்டன் பக்கத்துப் பேட் மட்டும் அதிகமாகத் தேய்ந்திருந்தால், காலிப்பர் நகர்வதற்கென உள்ள ஸ்லைடு பின்களை முதலில் சந்தேகிக்க வேண்டும்.

இந்த வேலையில் வலுவைவிட வரிசையே முக்கியம். காலிப்பரை ஃபோர்க்கிலிருந்து (முன்சக்கரத்தைத் தாங்கும் கவையிலிருந்து) கழற்றி மேசையில் வைத்த பிறகு, பேட்களைப் பிடித்திருக்கும் பேட் பின்னைத் திருகத் தொடங்கினால், பிடிமானம் இல்லாமல் ஆலன் கீ வழுக்கி, பின்னின் தலை உருண்டுவிடும். காலிப்பர் வண்டியில் உறுதியாகப் பூட்டியிருக்கும்போதே பேட் பின்னையும், காற்றை வெளியேற்றும் திருகான பிளீடிங் நிப்பிளையும் சற்றே தளர்த்தி, மீண்டும் மெதுவாக இறுக்கி வைத்துக்கொள்ள வேண்டும். பிரேக் ஃப்ளூயிட் வரும் குழாயான ஹோஸை மட்டும் இப்போது தொடக்கூடாது. அதன் தேவை பின்னால் வருகிறது.

பேட் பின்னின் ஆலன் குழியில் அடைந்துள்ள மண்ணைக் கூர்முனையால் சுரண்டி எடுத்தபின், சாக்கெட் வகை ஆலன் பிட்டைச் சுத்தியலால் தட்டி அடிவரை இறக்குங்கள். அந்தத் தட்டலே சில நேரம் துருவின் பிடியை உடைத்துவிடும். அசையாவிட்டால் துரு இளக்கும் ஆயிலை மரையின் அருகே விட்டு ஓர் இரவு ஊறவிடலாம். ஆயில் பட்ட பேட்களை மீண்டும் பயன்படுத்த முடியாது என்பதால், புதிய பேட்களை வாங்கி வைத்துக்கொண்டே இதில் இறங்குவது நல்லது. அடுத்த வழி சூடு. அலுமினியம் எஃகைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு விரிவதால், ஹீட் கன்னால் காலிப்பரின் உடலைச் சூடாக்கும்போது எஃகுப் பின்னின் மீதுள்ள இறுக்கம் குறைகிறது. நெருப்புச் சுடரைப் பயன்படுத்தாதீர்கள்; பிரேக் ஃப்ளூயிட் தீப்பற்றக்கூடியது, குளோரின் கலந்த பிரேக் கிளீனரின் மிச்சம் சூட்டில் நச்சு வாயுவாக மாறக்கூடியது.

பிளீடிங் நிப்பிள் உள்ளே துளையுள்ளது. ஆகவே எளிதில் முறியும். ஆறுமுகச் சாக்கெட்டை மட்டுமே பயன்படுத்துங்கள். முதலில் மிகச் சிறிதளவு இறுக்கும் திசையிலும், பிறகு தளர்த்தும் திசையிலும் மாறிமாறி அசைக்க வேண்டும். மரை நகராமல் நிப்பிள் மட்டும் முறுக்கிக்கொள்வதுபோல் கைக்குத் தோன்றினால் உடனே நிறுத்திவிட்டு, மீண்டும் ஆயிலுக்கும் சூட்டுக்கும் திரும்புவதே புத்திசாலித்தனம்.

பிஸ்டனை வெளியே தள்ள, வண்டியின் சொந்த ஹைட்ராலிக் அழுத்தத்தைவிடச் சிறந்த கருவி வீட்டில் கிடைக்காது. ஹோஸை முன்கூட்டியே கழற்றியவர்கள் இழப்பது இதைத்தான். ஹோஸ் இணைந்தபடியே காலிப்பரை ஃபோர்க்கிலிருந்து கழற்றி, பேட்களை எடுத்துவிட்டு, ஃப்ளூயிட் தொட்டி வற்றாமல் பார்த்தபடி லிவரை மெதுவாக அழுத்துங்கள். பல பிஸ்டன்கள் இருந்தால் எளிதில் நகர்வதை மரத்துண்டும் கிளாம்பும் கொண்டு தடுத்தால், அழுத்தம் முழுவதும் இறுகியதன் மீதே விழும். கையால் இழுக்கும் அளவுக்கு எல்லாம் வெளிவந்த பிறகே ஹோஸைக் கழற்ற வேண்டும். காற்றழுத்தத்தால் தள்ளினால் பிஸ்டன் எதிர்பாராமல் பாய்ந்து விரலை நசுக்கக்கூடும்.

பிஸ்டன் இறுகுவதற்கான காரணம் பெரும்பாலும் பிஸ்டனில் மட்டும் இல்லை. பிஸ்டனைச் சுற்றியுள்ள ரப்பர் வளையமான சீல் அமரும் பள்ளத்தில் படியும் வெண்ணிற அலுமினிய அரிப்பு, சீலைப் பின்னாலிருந்து தள்ளிப் பிஸ்டனைக் கவ்வச் செய்கிறது. அதை மரக்குச்சி அல்லது பிளாஸ்டிக் முனையால் பொறுமையாகச் சுரண்டி எடுக்காமல் புதிய சீல் போடுவதில் பயனில்லை. சீல் தொடும் பரப்பில் குழி விழுந்த பிஸ்டனை மாற்றியே ஆக வேண்டும். புதிய சீல்களுக்குப் புதிய பிரேக் ஃப்ளூயிட்டையோ ரப்பருக்கு ஏற்ற கிரீஸையோ மட்டும் தடவுங்கள். பெட்ரோலிய ஆயில் அந்த ரப்பரை உப்பவைத்துக் கெடுக்கும்.

டிரம் பிரேக்கில் இறுகுவது பெரும்பாலும், உராய்வுக் கட்டைகளான ஷூக்களை விரிக்கும் கேம் தண்டு. அதன் வெளி லிவரைக் கழற்றுமுன் தண்டிலும் லிவரிலும் ஒரே கோட்டில் குறியிட்டு, துருவை நீக்கி, சூடு தாங்கும் கிரீஸை மிக மெல்லிதாகத் தடவினால் போதும். டிரம்முக்குள் உள்ள தூசியை ஊதாமல் ஈரத்துணியால் துடைக்க வேண்டும். பழைய ஷூக்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும்.

மீண்டும் பூட்டும்போது ஸ்லைடு பின்களுக்குச் சிலிக்கான் கிரீஸ் தடவி, போல்ட்களைக் கையேட்டில் உள்ள டார்க் (முறுக்கு விசை) அளவுக்கு இறுக்கி, புதிய ஃப்ளூயிட் விட்டுக் காற்றை முழுவதும் வெளியேற்றுங்கள். லிவர் கெட்டியாகும்வரை பலமுறை அழுத்திய பிறகே வண்டியை நகர்த்தலாம். குறைந்த வேகத்தில் சிறிது தூரம் ஓட்டித் திரும்பியதும், நிப்பிளிலும் ஹோஸ் இணைப்பிலும் கசிவு உண்டா என்று பார்த்து, சக்கரத்தை மீண்டும் உயர்த்திச் சுழற்றிச் சோதியுங்கள்.