ஏர் ரைஃபிள் பழகப் பிள்ளைக்கு வயது வந்துவிட்டதா?

மெரினா மணலில் பலூன் சுடும் கடைக்காரர் வயது கேட்பதில்லை. காசைக் கொடுத்தால் ஆறு வயதுப் பிள்ளையின் கைக்கும் துப்பாக்கி வந்துவிடும். பலூன் வெடித்ததும் பிள்ளை "அப்பா, பாத்தியா!" என்று துப்பாக்கியோடு அப்படியே திரும்பும். விரல் ட்ரிகரில்தான் இருக்கும், குழல் அப்பாவின் வயிற்றைப் பார்த்துக்கொண்டிருக்கும். வயது வந்துவிட்டதா என்ற கேள்விக்கு அந்தத் திரும்பலிலேயே பாதி விடை கிடைத்துவிடும்.

சட்டம் இதில் ஓரளவுக்குத்தான் உதவும். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 9ஆம் பிரிவுப்படி, 21 வயது நிரம்பாதவர்கள் வெடிமருந்துத் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது. விதிகளுக்கு உட்பட்ட பயிற்சிக்கு மட்டும் விலக்கு உண்டு. வெடிமருந்து இல்லாமல் காற்றழுத்தத்தால் குண்டைத் தள்ளும், 10 மீட்டர் போட்டிகளில் சுடும் 4.5 மி.மீ. ஏர் ரைஃபிளுக்கோ உரிமமே தேவையில்லை. ஜெர்மனியில் பெற்றோர் சம்மதத்தோடும் மேற்பார்வையோடும் ஏர் ரைஃபிள் சுட 12 வயது என்று சட்டமே சொல்லிவிடுகிறது. இங்கே அந்த முடிவு பெற்றோர் தலையில்தான் விழுகிறது. உரிமம் இல்லை என்பதால் பொம்மை என்று எண்ணிவிட வேண்டாம். அரை கிராம் ஈயக் குண்டு நொடிக்கு 170 மீட்டர் வேகத்தில் பாய்கிறது. கண்ணில் பட்டால் பார்வை போய்விடும்.

எட்டு வயதுக்குக் கீழே கற்றுக்கொடுக்க வேண்டியது சுடுவதை அல்ல. எங்கேயாவது துப்பாக்கியைப் பார்த்தால் தொடாதே, அங்கிருந்து நகர், பெரியவரிடம் சொல். இது மட்டும் போதும். ஒன்பது, பத்து வயதில் பாதுகாப்புப் பழக்கங்களையும், ஸ்டாண்டில் தாங்கிச் சுடுவதையும் தொடங்கலாம். தாங்கல் இல்லாமல் நின்று சுடுவதைப் பன்னிரண்டு, பதிமூன்றுக்குத் தள்ளிவைப்பது நல்லது. இவை தோராயக் கணக்குதான். பதினான்கு வயதிலும் தயாராகாத பிள்ளைகள் உண்டு.

பிள்ளை தயாரா என்று பார்க்க வீட்டு கேரம் போர்டே போதும். ஸ்ட்ரைக்கரை வைத்து, குறி பார்த்து, விரலை மடக்கித் தட்டப்போகும் அந்த நொடியில் "நிறுத்து" என்று சொல்லுங்கள். கையை எடுத்துவிடுகிறதா, அல்லது "இதோ, இது ஒண்ணு மட்டும்" என்று தட்டிவிட்டுத் திரும்பிப் பார்க்கிறதா? முன்கூட்டிச் சொல்லாமல் ஒரு வாரத்தில் பத்துத் தடவை செய்து பாருங்கள். பத்தில் பத்தும் நிற்க வேண்டும், எட்டு போதாது. ரேஞ்சில், அதாவது சுடும் பயிற்சிக் கூடத்தில், "ஸ்டாப்" என்ற சொல் வரும்போது யாராவது டார்கெட் பக்கம் நடந்துகொண்டிருக்கக்கூடும்.

அடுத்தது, செய்த தப்பைத் தானாக வந்து சொல்லும் பழக்கம். டம்ளரை உடைத்துவிட்டு மறைக்கும் பிள்ளை, குழலில் குண்டு சிக்கியதையும் மறைக்கும். கூட்டாளி வீட்டுக்கு வந்து "உன் துப்பாக்கியைக் காட்டுடா" என்றால் என்ன சொல்வாய் என்றும் கேட்டுப் பாருங்கள். பதில் உடனே வராமல் இழுத்தால் இன்னும் ஆறு மாதம் போகட்டும்.

உடம்பும் வளர்ந்திருக்க வேண்டும். போட்டி ரைஃபிளின் எடை 5.5 கிலோ வரை போகலாம். முப்பது கிலோ எடையுள்ள பிள்ளை அதைத் தூக்கினால் இடுப்பை முன்னால் தள்ளி, முதுகைப் பின்னால் வளைத்துத்தான் நிற்கும். வளரும் முதுகுக்கு அது ஆகாது. நாலு கிலோவுக்கு உட்பட்ட, தோளில் வைக்கும் கட்டையின் நீளத்தைக் குறைக்க முடிகிற ஜூனியர் ரைஃபிள் தேடுங்கள். அளவு பார்க்க, காலி ரைஃபிளைக் குழல் மேல்நோக்க வைத்து, அடிக்கட்டையை முழங்கை மடிப்பில் பொருத்துங்கள். ஆள்காட்டி விரலின் முதல் கணு ட்ரிகரைத் தொட்டால் சரி.

குழலை மடக்கி அழுத்தும் ஸ்ப்ரிங் ரைஃபிள் மலிவு என்று வாங்கித் தருவார்கள். குழந்தைக்கு அது சரிப்படாது. அழுத்தப் பலம் போதாமல் தொடையிலும் பாதத்திலும் ஊன்றி மடக்கும். குழல் திறந்திருக்கும்போது ட்ரிகர் தட்டிவிட்டால் குழல் மூடிக்கொண்டு விரலை நசுக்கும். குண்டில்லாமல் சுட்டுப் பழகவும் முடியாது. பிஸ்டன் மோதி உள்ளே சேதமாகும். அழுத்தக் காற்று சிலிண்டர் உள்ள ரைஃபிள் விலை கூடுதல். ஆனால் ரேஞ்சில் பொது ரைஃபிள் இருந்தால் முதல் ஆறு மாதம் எதையும் வாங்கத் தேவையில்லை.

எந்தக் கண் ஓங்கிய கண், அதாவது குறி பார்க்கும்போது முந்திக்கொள்ளும் கண், என்பதை முதல் நாளே பார்த்துவிட வேண்டும். இரண்டு கையையும் நீட்டி, விரல்களுக்கு நடுவே சின்ன முக்கோணம் செய்து, அதன் வழியே சுவரிலுள்ள சுவிட்சைப் பார்க்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு கண்ணாக மூடினால், ஒரு கண்ணுக்கு மட்டும் சுவிட்ச் முக்கோணத்துக்குள் இருக்கும். அது இடது கண்ணாக இருந்து பிள்ளை வலது கைப் பழக்கமாக இருந்தால், எந்தத் தோளில் வைப்பது என்று பயிற்சியாளரோடு கலந்து பேசுங்கள்.

முதல் இரண்டு வாரம் குண்டே வேண்டாம். எடு, போல்ட்டை (குண்டு போடும் இடத்தின் மூடியை) திற, உள்ளே பார், குழல் காலி என்று காட்டும் ஆரஞ்சு நிற சேஃப்டி ஃபிளாக்கைச் செருகு, குழலை டார்கெட் பக்கம் வைத்து மேசையில் வை. இதுவே திரும்பத் திரும்ப. யாரிடம் கொடுத்தாலும் போல்ட் திறந்தபடி கொடுக்க வேண்டும். வாங்குகிறவரும் தானே பார்த்து "காலி" என்று சொல்ல வேண்டும், கொடுத்தவர் இப்போதுதான் பார்த்திருந்தாலும். விரல், சுடும் வரை ட்ரிகரைச் சுற்றியுள்ள வளையத்துக்கு (ட்ரிகர் கார்டு) மேலே கட்டையோடு நீட்டியபடி இருக்கட்டும். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பிள்ளைகள் துப்பாக்கியோடு முழு உடம்பையும் திருப்பிவிடும் என்பதால், சுடும் கோட்டில் நிற்கும் பிள்ளையைப் பின்னாலிருந்து கூப்பிடவே கூடாது. பக்கத்தில் போய்த் தாழ்ந்த குரலில் பேசுங்கள். வீடியோ எடுக்கிற பெற்றோரை வெளியே உட்காரவைப்பதும் இதற்காகத்தான்.

மூன்றாம் வாரம் ஸ்டாண்டில் தாங்கி, ஐந்து ஐந்தாக இருபது குண்டு. டார்கெட் அட்டையைத் திருப்பி வெற்றுப் பக்கத்தை மாட்டுங்கள். வளையங்களின் மதிப்பெண்ணைக் கண்டதும் பிள்ளை பத்து மதிப்பெண்ணுக்காக ட்ரிகரை வெடுக்கென்று இழுக்கத் தொடங்கிவிடும். பத்தாம் வளையமோ வெறும் அரை மில்லிமீட்டர் புள்ளிதான். ஓட்டைகள் நெருக்கமாக விழுகின்றனவா என்று மட்டும் பாருங்கள். விரல் நுனிச் சதை ட்ரிகரில் பட வேண்டும். இரண்டாம் கணு வரை நுழைத்தால் ஓட்டைகள் பக்கவாட்டில் சிதறும். மொத்தம் நாற்பது நிமிடம். கன்னம் கட்டையை விட்டு எழும்பினாலோ, குழல் வட்டமடித்தாலோ இருபதாவது குண்டுக்காகக் காத்திருக்காதீர்கள்.

குண்டிலுள்ள ஈயம் நச்சு என்பதைப் பலரும் சொல்வதில்லை. பிள்ளைகள் குண்டை உதட்டில் கவ்விக்கொண்டு லோடு செய்யும், அன்றே நிறுத்துங்கள். ரேஞ்சில் தின்பண்டம் கூடாது. முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். பாதுகாப்புக் கண்ணாடி சுடுகிறவருக்கு மட்டுமல்ல, பக்கத்தில் நிற்பவருக்கும்தான். கெட்டியான பலகையிலோ சுவரிலோ பட்ட குண்டு திரும்பி வரும். மொட்டைமாடிப் பயிற்சியை நாம் பரிந்துரைப்பதில்லை. பக்கத்து வீட்டு ஜன்னல் ஒருபக்கம், பறவைகள்மேல் போகும் ஆசை இன்னொருபக்கம். பறவையைச் சுடுவது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டைதான்.

பிஸ்டலை அவசரப்பட்டுக் கொடுக்காதீர்கள். 2018 ஆசிய விளையாட்டில் சௌரப் சௌத்ரி 16 வயதில் ஏர் பிஸ்டலில் தங்கம் வென்றதைச் சொல்லி, எட்டு வயதுப் பிள்ளைக்குப் பிஸ்டல் கேட்கிறார்கள். குழல் குட்டையாக இருப்பதால் மணிக்கட்டின் சின்ன அசைவிலேயே அது ஆளின் பக்கம் திரும்பிவிடும். எடையை ஒரே கைதான் தாங்க வேண்டும். அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் கை நீட்டிப் பதினைந்து நொடி ஆடாமல் பிடிக்க முடியாத பிள்ளை ரைஃபிளிலேயே இருக்கட்டும்.

சொந்தமாக ரைஃபிள் வாங்கிய பிறகு அது பூட்டிய அலமாரியில், குண்டு டப்பா வேறு இடத்தில், சாவி பெரியவர் கையில். சிலிண்டரில் காற்று 200 பார் அழுத்தத்தில் இருப்பதால் வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டு வரக் கூடாது. பத்தாண்டு ஆன சிலிண்டரைப் போட்டியில் அனுமதிக்க மாட்டார்கள். பழைய ரைஃபிள் வாங்கினால் சிலிண்டரில் பொறித்த தேதியை முதலில் பாருங்கள்.