மைக் மேல் பழி போட்டேன்

விடியற்காலைப் பறவைச் சத்தத்தைப் பதிவு செய்து வந்து ஹெட்போனில் கேட்டால், பின்னணியில் 'உஸ்ஸ்' என்று ஓயாத இரைச்சல். மைக்தான் கெட்டுவிட்டது என்று முடிவுகட்டி, வேறு மைக் போட்டேன். கேபிளையும் மாற்றினேன். போகவில்லை.

பிறகு ஒரு காலி எக்ஸ்எல்ஆர் பிளக்கில் (மைக் கேபிளின் மூன்று பின் பிளக்) 2, 3 பின்களுக்கு நடுவே 150 ஓம் ரெசிஸ்டரைப் பற்றவைத்து, ரெக்கார்டர் மைக்குக்கு அனுப்பும் மின்சாரமான ஃபாண்டம் பவரை அணைத்துவிட்டு, மைக்குக்குப் பதில் அதைச் செருகினேன். கெயின் (ஒலியைப் பெருக்கும் அளவு) பழையபடியே. மைக்கே இல்லை, அதே உஸ்ஸ்! மைக்கின் சிறு சிக்னலைப் பெருக்கும், ரெக்கார்டருக்குள் இருக்கும் ப்ரீஆம்ப்தான் திருடன்.

புது ரெக்கார்டர் தேடியபோது 32 பிட் ஃப்ளோட் என்ற பதிவு முறையின் விளம்பரத்தில் மயங்கப் பார்த்தேன். திடீரென்று யாராவது கத்தினால் பதிவு உடையாமல் அது காப்பாற்றும், சரி. ஆனால் ப்ரீஆம்ப் இரைச்சலை அது குறைக்காது! அதனால் முதலில் இஐஎன் எண்ணைப் பார்த்தேன்; ப்ரீஆம்ப் தானே சேர்க்கும் இரைச்சலின் அளவு அது, மைனஸில் எவ்வளவு கீழே போகிறதோ அவ்வளவு நல்லது. பழையதில் மைனஸ் 120 டிபியு (டெசிபலில் சொல்லும் சிக்னல் அளவு), வாங்கியதில் மைனஸ் 127. காகிதத்தில் ஏழு டெசிபல்தான். அமைதியான இடத்தில் காதுக்கு நன்றாகவே தெரிகிறது.

பவர் பேங்க் தொல்லை தனி. ரெக்கார்டர் குறைவாக மின்சாரம் இழுப்பதால், வேலை முடிந்தது என்று நினைத்து பவர் பேங்க் தானே அணைந்துவிட்டது. இப்போது ரெக்கார்டருக்குள்ளே பேட்டரியும் போட்டுவைக்கிறேன்.