படலம் நானோமீட்டரில், பிழை முழக்கணக்கில்

சாயங்காலம் நாலரை மணிக்கு ஒரு மாணவி, மேலே மெல்லிய படலம் பூசிய கண்ணாடித் துண்டோடு அறைக்குள் வருவாள். ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து, "சார், கலர் வந்துட்டு" என்று சிரிப்பாள். பார்க்க அழகுதான். ஆனால் ஒரே துண்டில் ஊதா, பச்சை, சிவப்பு என்று வரிவரியாக நிறம் மாறினால், படலத்தின் தடிமனும் இடத்துக்கு இடம் மாறுகிறது என்று அர்த்தம். "ஸ்லைடை எப்படிம்மா கழுவினே?" என்று கேட்பேன். பதில் வரக் கொஞ்சம் நேரமாகும்.

பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு கல்லூரியில் மெல்லிய படலங்களோடு முப்பது வருஷம் ஓடிவிட்டது. "நம்மகிட்ட மெஷின் இல்ல சார்" என்ற புலம்பலைக் கேட்காத வருஷம் கிடையாது. மெஷின் இல்லாமல் கெட்ட ஆய்வுகளை நான் அதிகம் பார்த்ததில்லை. காசு செலவில்லாத வேலைகளில் கவனம் இல்லாமல் கெட்டவைதான் கண் முன்னால் நிற்கின்றன.

முதலில் கழுவுவது. புதுப் பெட்டியைப் பிரித்து எடுத்த ஸ்லைடு சுத்தமாகத்தான் இருக்கும் என்று எல்லாருக்கும் ஒரு நம்பிக்கை. கைரேகையின் எண்ணெய் ஒன்று போதும், 200 நானோமீட்டர் (ஒரு மில்லிமீட்டரில் ஐயாயிரத்தில் ஒரு பங்கு) படலம் அந்த இடத்தில் ஒட்டாமல் உரிந்து வர. சோப்புக் கரைசல், டிஐ வாட்டர் (உப்புகள் நீக்கிய தண்ணீர்), அசிட்டோன், ஐசோபுரொப்பனால் என்று வரிசையாக அல்ட்ராசோனிக் பாத்தில் (ஒலி அதிர்வால் அழுக்கை உதறும் தொட்டியில்) பத்துப் பத்து நிமிஷம் போடுங்கள். அசிட்டோனைக் காயவிடக் கூடாது. அது காய்ந்தால், கரைத்து வைத்த அழுக்கைத் திரும்பக் கண்ணாடியிலேயே விட்டுவிடும். ஈரம் இருக்கும்போதே ஐசோபுரொப்பனாலுக்கு மாற்ற வேண்டும். சுத்தமாகிவிட்டதா என்று பார்க்கக் கருவி தேவையில்லை. தண்ணீரில் முக்கிச் செங்குத்தாகப் பிடியுங்கள். தண்ணீர் ஒரே விரிப்பாக வழிந்தால் சரி. முத்து முத்தாகத் திரண்டு நின்றால் எண்ணெய் இருக்கிறது, மறுபடி ஆரம்பியுங்கள். கடைசி அலசலை போர் தண்ணீரில் முடித்துவிட்டு வெள்ளைப் புள்ளிகளை 'நானோ துகள்' என்று காட்டியவர்களும் உண்டு. தாமிரபரணித் தண்ணியே ஆனாலும் அல்வாவோடு நிறுத்திக்கொள்ளுங்கள், படலத்துக்கு வேண்டாம்.

அடுத்தது ஸ்ப்ரே பைராலிசிஸ், அதாவது சூடான கண்ணாடி மேல் கரைசலைத் தெளித்துப் படலம் ஆக்குவது. செலவு குறைவு என்பதால் நம் பக்கத்து ஆய்வகங்களுக்குப் பிடித்த முறை. இதை விளக்க நான் தோசைக்கல்லைத்தான் கூப்பிடுவேன். கல் காயாவிட்டால் தெளித்த தண்ணீர் அப்படியே கிடக்கும். பதமாகக் காய்ந்தால் 'சுர்' என்று அடங்கும். ரொம்பக் காய்ந்தால் துளி கல்லைத் தொடாமல் ஆவி மெத்தையில் ஓடி விளையாடும். படலத்துக்கும் இதே கதைதான். சூடு குறைந்தால் ஈரத் திட்டுகள். கூடினால் துளி கண்ணாடியைத் தொடுமுன்பே காய்ந்து, விரலால் தடவினால் வரும் பொடி. சிங்க் ஆக்சைடு, டின் ஆக்சைடு போன்றவற்றுக்கு 350 முதல் 450 டிகிரி வரை வழக்கம். பிழை எங்கே நுழைகிறது என்றால், சூட்டை அளக்கும் தெர்மோகப்பிள் ஹீட்டர் தட்டுக்குள் இருக்கும், படலம் உருவாவது கண்ணாடியின் மேல்பரப்பில். அங்கே சூடு குறைவு, தெளிக்கத் தெளிக்க இன்னும் இறங்கும். இடைவெளி விடாமல் தெளித்துவிட்டு "400 டிகிரியில் செய்தேன்" என்று எழுதுவது உண்மை ஆகாது. விட்டு விட்டுத் தெளியுங்கள், எத்தனை நொடி இடைவெளி என்பதையும் எழுதுங்கள். முடிந்ததும் உடனே எடுத்து வெளியே வைக்காதீர்கள். படலமும் கண்ணாடியும் சுருங்கும் அளவு வேறுவேறு, விரிசல் விழும்.

வெற்றிடப் பூச்சில், அதாவது காற்றை உறிஞ்சிய அறைக்குள் பொருளை ஆவியாக்கிப் படியவிடும் முறையில், என் சொந்தக் கதை ஒன்று. மாணவனாக இருந்தபோது, அம்பாசமுத்திரம் கடைசி பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில், எண்ணெயைக் கொதிக்கவைத்துக் காற்றை வெளியேற்றும் டிஃப்யூஷன் பம்ப் ஆறுமுன் வால்வைத் திறந்து காற்றை விட்டுவிட்டேன். கொதிக்கும் எண்ணெய் காற்றைக் கண்டதும் கருகிவிட்டது. அந்த நாற்றம் இன்னும் மூக்கில் இருக்கிறது. லேப் அண்ணாச்சி ஒரு வார்த்தை திட்டவில்லை, துடைக்கிற துணியை மட்டும் கையில் கொடுத்தார். ரெண்டு மாசம் வேலை நின்றது. கரண்ட் போனாலும் இதே ஆபத்துதான்: முதலில் ஹை வேக்கம் வால்வை மூடு, அப்புறம் மற்றதை யோசி. பிரஷர் நன்றாக இறங்குமுன் ஆவியாக்க ஆரம்பிப்பதும் அவசரத்தில் வருவதே. மிச்சக் காற்றும் படலத்தில் கலந்துவிடும்: 10⁻⁶ டார் (வெற்றிட அழுத்தத்தின் அலகு) அழுத்தத்தில்கூட, மோதும் வாயு மூலக்கூறுகள் எல்லாம் ஒட்டிக்கொண்டால், சுத்தமான பரப்பை மூட ஏறக்குறைய ஒரு நொடிதான் ஆகும்.

தடிமனை எடைபோட்டுக் கணக்கிடுவது இன்னொரு இடறல். முறை தப்பில்லை, துண்டின் அளவுதான் தப்பு. 75 க்கு 25 மில்லிமீட்டர் முழு ஸ்லைடில் 200 நானோமீட்டர் சிங்க் ஆக்சைடு சுமார் 2 மில்லிகிராம் இருக்கும். ஒரு சென்டிமீட்டர் சதுரத் துண்டில் 0.1 மில்லிகிராம்தான், நான்கு தசம தராசின் கடைசி இலக்கம். ஐப்பசி மழையில் கண்ணாடி மேல் ஒட்டும் ஈரமே அந்தக் கணக்கைக் கவிழ்க்கும்.

எக்ஸ்ஆர்டிக்கு, அதாவது எக்ஸ் கதிரை வைத்துப் படிக அமைப்பைப் பார்க்கும் சோதனைக்கு வருவோம். படிகத்தின் அளவைத் தரும் ஷெரர் சமன்பாட்டில் பீக்கின் (வரைபடத்தில் எழும் முகட்டின்) அகலத்தை ரேடியனில் போட வேண்டும். டிகிரியிலேயே போட்டுவிட்டு வரும் தீசிஸ்கள் இன்னும் என் மேஜைக்கு வருகின்றன. 34.4 டிகிரியில் சிங்க் ஆக்சைடு பீக், அகலம் 0.3 டிகிரி என்று வையுங்கள். ரேடியனுக்கு மாற்றினால் படிகத்தின் அளவு சுமார் 28 நானோமீட்டர். மாற்றாவிட்டால் 0.48. சிங்க் ஆக்சைடின் ஒரே ஒரு யூனிட் செல்லின் (படிகத்தில் திரும்பத் திரும்ப வரும் அடிப்படை அலகின்) உயரமே 0.52! செங்கல்லைவிடச் சின்னதாக ஒரு வீடு. கருவியால் வரும் அகலத்தைக் கழிக்காமல் விடுவதும் உண்டு.

ஈடாக்ஸில், அதாவது எலக்ட்ரான் கற்றையை அடித்து என்னென்ன தனிமங்கள் இருக்கின்றன என்று பார்க்கும் சோதனையில், நடப்பதுதான் எனக்கு அதிகச் சிரிப்பு. எலக்ட்ரான் கற்றை ஒரு மைக்ரானுக்கு மேலேயே உள்ளே போகும், படலமோ அதில் ஐந்தில் ஒரு பங்கு. ஆகவே சிலிக்கான், சோடியம், கால்சியம் எல்லாம் எட்டிப் பார்க்கும். அவை கண்ணாடியின் சரக்கு. ஆக்சிஜன் சதவீதத்திலும் கண்ணாடியின் ஆக்சிஜன் கலந்திருக்கிறது. அதை வைத்துக்கொண்டு "சிங்க்கும் ஆக்சிஜனும் ஒன்றுக்கு ஒன்று" என்று எழுதினால், தேர்வாளர் ஒரே கேள்வியில் உட்கார வைத்துவிடுவார். சோடியம் இன்னொரு வழியிலும் தொல்லை தரும்: சாதாரண ஸ்லைடை 500 டிகிரிப் பக்கம் கொண்டுபோனால் அது கண்ணாடியில் இருந்து நகர்ந்து படலத்துக்குள் ஏறும். அவ்வளவு சூடு வேண்டுமென்றால் குவார்ட்ஸ் வாங்குங்கள், விலை வலித்தாலும்.

பேண்ட் கேப் (எலக்ட்ரான் தாண்ட வேண்டிய ஆற்றல் இடைவெளி) கணக்கில் ஒரு சொல்: ஒளி உறிஞ்சலில் இருந்து அதைக் கண்டுபிடிக்கும் டாக் பிளாட் என்ற வரைபடத்தில் எந்த நேர்க்கோடு பிடித்திருக்கிறதோ அதை நீட்டி, வேண்டிய எண் வந்ததும் நிறுத்தக் கூடாது.

இனி தொழில் வாழ்க்கையின் தவறுகள். வருஷத்துக்கு ஒரு உலோகத்தை சிங்க் ஆக்சைடில் டோப் செய்து (சிறு அளவில் கலந்து), கிராஃபை மட்டும் மாற்றி ஐந்து கட்டுரை போடுவது. எண்ணிக்கை ஏறும், ஆனால் இன்டர்வியூவில் "இந்த உலோகம் ஏன்?" என்றால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். காசு கொடுத்தால் ஒரு வாரத்தில் அச்சாகும் ஜர்னல்களும் அப்படித்தான். என் மாணவர்களில் நன்றாக வந்தவர்கள் ஒரே பொருளை நாலு வருஷம் விடாமல் பிடித்தவர்கள்.

ரன் நம்பர் இல்லாத மாதிரிகள் வேண்டாம். கண்ணாடியின் பின்பக்கம் டைமண்ட் பென்சிலால் கீறுங்கள். நோட்டில் தேதி, கரைசலின் வயது, சூடு இவற்றோடு அன்றைய ஈரப்பதத்தையும் எழுதுங்கள். ஆனித் தென்காசிச் சாரலில் செய்ததும் சித்திரை வெயிலில் செய்ததும் ஒரே படலம் இல்லை. கரைசலைக் கூழாக்கிப் படலம் செய்யும் சோல்-ஜெல் முறையில் இந்த வித்தியாசம் கண்ணிலேயே தெரியும்.

வெளியூர் அளவீட்டுக்குக் கொண்டுபோகும்போது இரண்டு படலத் துண்டுகளை முகத்தோடு முகம் ஒட்டிக் காகிதத்தில் மடித்து, நெல்லை எக்ஸ்பிரஸில் தலையணைக்கு அடியில் வைத்துச் சென்னை போனவனை எனக்குத் தெரியும். எஸ்இஎம் (எலக்ட்ரான் நுண்ணோக்கி) படத்தில் வந்ததெல்லாம் கீறல். தனித்தனி டப்பா, படலம் மேல்நோக்கி, ஓரங்களில் மட்டும் பிடிமானம்.

பெரிய வசதிகள் கேட்டால் கிடைக்கும். இந்திய அறிவியல் கழகத்திலும் ஐஐடி மும்பையிலும் ஐஎன்யூபி (இந்திய நானோ எலக்ட்ரானிக்ஸ் பயனர் திட்டம்) என்ற திட்டம் 2008 முதல் வெளி நிறுவனத்து ஆய்வாளர்களுக்கு நானோ ஃபேப்ரிகேஷன் (நானோ அளவில் செய்து பார்க்கும்) கருவிகளைத் திறந்துவிட்டது, பின்னர் ஐஐடி மெட்ராஸும் சேர்ந்தது. "நம்ம ஊர்க் காலேஜுக்கு அவங்க கொடுப்பாங்களா சார்?" என்பதே பலரின் முதல் கேள்வி. விண்ணப்பத்தில் எந்தக் கருவி வேண்டும் என்பதற்கு முன்னால், எந்தக் கேள்விக்கு விடை தேடுகிறீர்கள் என்று எழுதுங்கள். அந்தப் பத்தியை எழுத முடியாமல் போனவர்கள் ரெண்டு பேர் என் அறையிலேயே உட்கார்ந்து, மறுநாள் திரும்பி வந்து ஸ்லைடு கழுவ ஆரம்பித்தார்கள்.