சேர்வராயன் மலை வரலாறு எழுதும்போது செய்யக்கூடாத தவறுகள்

சேர்வராயன் மலையிலுள்ள ஏற்காட்டின் வரலாறு எழுதுபவர்கள் பெரும்பாலும் ஒரே ஆளிடமிருந்து தொடங்குகிறார்கள். 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் காபியைக் கொண்டுவந்தார், மலை மாறியது. சரி, அப்புறம் இத்தனை காலம் அந்தக் காபி எப்படி நின்றது? இதைக் கேட்டால் பூச்சியும் மரமும் கதைக்குள் வந்தே தீரும்.

வெள்ளைத் தண்டுத்துளைப்பானை எடுத்துக்கொள்ளுங்கள். அராபிகா வகைக் காபிச் செடியின் பட்டை வெடிப்பில் இந்த வண்டு முட்டையிடும். புழு தண்டைக் குடைந்துகொண்டு போகப் போக, செடி மஞ்சளடித்து வாடும். வெயில் படும் செடியில் தாக்குதல் அதிகம், நிழலில் குறைவு. அதனால் நிழல் மரங்களை மொத்தமாக வெட்டிச் சாய்க்கத் தோட்டக்காரருக்குத் துணிவு வராது. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சில்வர் ஓக் எஸ்டேட்டுகளில் வரிசையாக நிற்பதற்கு மிளகுக்கொடியும் மர விலையும் காரணம்தான். நிழலும் ஒரு காரணம். மலை இன்று பச்சையாகத் தெரிவதில் அந்த வண்டுக்கும் பங்கு உண்டு. அதை விட்டுவிட்டு எழுதும் எஸ்டேட் வரலாறு அரைகுறையானது.

அதற்காக வண்டு பழிவாங்கியது, காடு எதிர்த்து நின்றது என்றெல்லாம் எழுதிவிட வேண்டாம். உண்ணிச்செடி அமெரிக்கக் கண்டத்திலிருந்து அழகுக்காக இந்தியாவுக்கு வந்தது. பறவைகள் பழத்தைத் தின்று விதையைக் காடெங்கும் போட்டன. பசிக்குத் தின்றதைத் தவிர அவற்றுக்கு வேறு நோக்கம் கிடையாது, ஆனாலும் காட்டின் அடித்தளமே மாறிப்போனது. பங்கைச் சொல்ல எண்ணத்தைக் கற்பிக்கத் தேவையில்லை.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது பஞ்சத்தைப் பற்றி எழுதும் முறை. 1876–78 தாது வருஷப் பஞ்சத்தில் சேலம் ஜில்லா கடுமையாக அடிபட்டது. மழை பொய்த்தது, பசிபிக் கடல்நீர் வழக்கத்தைவிடச் சூடாகும் எல் நினோ வலுத்தது, இரண்டும் உண்மை. ஆனால் வானம் கைவிட்டது என்று மட்டும் எழுதினால், ஜனங்கள் செத்துக்கொண்டிருந்த அதே நேரத்தில் இந்தியாவிலிருந்து தானியம் கப்பலேறியதும், நிவாரண வேலைக் கூலியை அரசு குறைத்ததும் மறைந்துபோகும். மேகத்தின் மேல் பாரத்தைப் போட்டு ஆட்சியாளரைத் தப்பவிடக் கூடாது.

காபிக்கு முன்பு இது ஆளில்லாத காடு என்பதும் தவறு. மலையாளி என்று அழைக்கப்படும் பழங்குடியினர் (கேரளத்து மலையாளிகள் அல்ல) சாமை, தினை, கேழ்வரகு விதைத்து வாழ்ந்த மலை இது. கலெக்டர் ஆவணங்களைப் படிப்பவர்கள் மலைக்கிராமத்துப் பெரியவர்களிடமும் போய், எந்த ஊற்று எப்போது வற்றியது, உண்ணிச்செடி மேய்ச்சல் நிலத்துக்குள் எந்தப் பக்கமிருந்து வந்தது என்று கேட்டு, ஊர்ப் பெயரோடு குறித்துக்கொள்ளுங்கள்.