இடிப்பதா, வைப்பதா: கரையோரப் பழைய ஆலைகள் பற்றி வாதாடுவது எப்படி

கட்டடப் பொறியாளனாக நான் முதலில் சொல்வது இதுதான்: மொத்தமாக "இடி" என்றோ "காப்பாற்று" என்றோ தொடங்காதீர்கள். கிரேன், கிடங்கு, புகைபோக்கி, படகுத்துறைச் சுவர் என்று தனித்தனியாகப் பேசுங்கள்.

முதல் கேள்வி மண். பழைய எரிவாயு ஆலை என்றால் கீழே தாரும் பென்சீன் என்ற நச்சு வேதிப்பொருளும் இருக்க வாய்ப்பு அதிகம். அமெரிக்காவின் சியாட்டிலில் அப்படியொரு ஆலையைப் பூங்காவாக்கிய கேஸ் ஒர்க்ஸ் பூங்காவில் (1975) கோபுரங்களை அப்படியே விட்டார்கள்; மாசைச் சமாளிப்பது பல பத்தாண்டு வேலையானது. அடுத்து கான்கிரீட். உப்புக்காற்றில் உள்ளே கம்பி துருப்பிடித்து வீங்கி, கான்கிரீட்டைப் பிளக்கும். வெளியே பெயின்ட் பளபளக்கும். கோர் (கான்கிரீட்டில் துளைத்தெடுத்த உருளைத் துண்டு) எடுத்துச் சோதித்த அறிக்கை கையில் இல்லாத வாதம், எந்தப் பக்கத்தினுடையதானாலும், வெறும் சத்தம்.

அப்புறம் பயன். லண்டன் பேங்க்சைட் மின் நிலையத்தின் டர்பைன் கூடம் பெரிய வெற்றிடம். 2000-இல் டேட் மாடர்ன் கலை அருங்காட்சியகம் ஆக அது வசதியாக இருந்தது. தானிய சைலோ (தானியம் சேமிக்கும் உயரமான கான்கிரீட் குழாய்கள்) அப்படியில்லை, உள்ளே தளமே கிடையாது. கேப்டவுனில் அப்படியொரு சைலோவின் குழாய்களைக் குடைந்துதான் 2017-இல் அருங்காட்சியகம் திறந்தார்கள். துணிச்சல்தான், ஆனால் எல்லாராலும் முடியாது.

சரி, முப்பது ஆண்டுக்குப் பராமரிப்புப் பணம் யார் தருவது? பதிலை எழுத்தில் வாங்குங்கள்.